தொழிற்சாலை நிலை என்பது எந்த நாள்?

போன மாதம் தங்கை போனில் கேட்டாள்: "அண்ணா, என்னோட பழைய கவர்மென்ட் லேப்டாப் அங்கதானே இருக்கு? வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கி வைக்கிறீங்களா? பாப்பாவுக்குக் காட்டணும்."

அது என்ன பெரிய வேலை, ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கட்டுரையாக அடுக்கியிருக்கிறேன். செய்முறை தேடி வந்தவர்களுக்கும் கொஞ்சம் பயன்படும். ஆனால் நான் சொல்ல வந்தது விமர்சனம். 'ஃபேக்டரி ரீசெட்' என்ற சொல் ஒரு வாக்குறுதி தருகிறது. அந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டும்.

1. மெஷின்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் வாங்கத் திட்டம். கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்தார்கள். அதில் ஒன்று 2012ல் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. தங்கை அப்போது பிளஸ் டூ. மூடிமேல் முதலமைச்சர் படம், உள்ளே 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

தயாரித்த கம்பெனி பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போவது அந்தக் காலத்து மெஷின் எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

தங்கை கல்லூரி முடித்து வேலைக்குப் போனபோது புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். பழையது அப்பாவிடம் வந்தது. அப்பா பட்டுப் புடவைக்கு கிராஃப் போடுபவர். பார்டரில் மயில்கண் வேண்டுமா, ருத்ராட்சம் வேண்டுமா, முந்தியில் யாளி நிற்க வேண்டுமா, எதுவானாலும் முதலில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு இடம். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்துவார்கள். குத்திய அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் ஏற்றினால், ஊடை ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஓர் அட்டை திரும்பும். லியோன் நகரத்தில் ஜக்கார்ட் 1804ல் உருவாக்கிய அதே ஏற்பாடுதான்.

எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஊருக்குள் வந்த பிறகு அட்டை தேவைப்படாத தறிகளும் வந்தன. டிசைன் கோப்பாக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்பா தங்கையிடம் கற்றுக்கொண்டு, பெயின்ட் மென்பொருளிலேயே படத்தைப் பெரிதாக்கி, கட்டக் கோடுகளை வரவழைத்து, புள்ளி புள்ளியாக வரைந்தார். கிராஃப் தாளின் ஒரு கட்டம்தான் திரையின் ஒரு புள்ளி. அவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது மவுஸ் மட்டும்தான்.

2. பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

அந்தக் காலத்து மடிக்கணினியோடு குறுந்தகடு வராது. அதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் விண்டோஸின் முழுப் பிரதியையும் அந்த மாடலுக்கான டிரைவர்களையும் சுருக்கி வைத்திருப்பார்கள். இதுதான் ரெகவரி பார்ட்டிஷன். எச்பி என்றால் எஃப்11, ஏசர் என்றால் ஆல்ட் எஃப்10, லெனோவோவில் சின்னதாக ஒரு தனிப் பட்டன். அமுக்கினால் அந்தப் பிரதி விரிந்து பழைய இடத்தில் போய் உட்காரும்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான ஏற்பாடு. மருந்தை நோயாளியின் வயிற்றுக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைத்த மாதிரி. ஹார்ட் டிஸ்க் பழுதானால் சரிசெய்யத்தான் ரெகவரி. ஆனால் ரெகவரி இருப்பதே அந்த ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். டிவிடியிலோ பென்டிரைவிலோ ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் வாரத்தில் ஒரு சின்னப் பெட்டி திரையில் எட்டிப் பார்க்கும். பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதை மூடிவிட்டுப் போகும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

இன்னொன்று, அந்தப் பட்டனை அமுக்கியதும் வரும் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: பயனரின் தகவல்கள் அனைத்தும் அழியும். கீழே 'ஓகே'. எங்கள் அப்பா மாதிரி ஆள் அந்த வரியில் படிப்பது 'ஓகே'யை மட்டும்தான். அவருடைய பத்து வருட உழைப்பு போகுமா இருக்குமா என்பதை, அவருக்குப் படிக்க வராத ஒரு மொழியின் ஒரு வாக்கியம் முடிவு செய்கிறது. தமிழில் எழுதியிருந்தாலும் 'பயனர் தகவல்' என்றால் 'உன் டிசைன்' என்று அவருக்குப் புரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

3. ஏன் அமுக்கவில்லை

பட்டனில் விரலை வைப்பதற்கு முன் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, இதுல உங்க டிசைன் ஏதாவது இருக்கா?"

"இருந்தா என்ன? அட்டை இருக்குல்ல. நீ அழிச்சுக்கோ."

அட்டை இல்லை. நான்கு வருடத்துக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது, செல்லரித்துப் போனது என்று கட்டுக் கட்டாக எடைக்குப் போட்டதில் அதுவும் போயிருந்தது. போட்டவன் நான்தான். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, அப்ப கம்ப்யூட்டர்ல பாரு" என்றார்.

கம்ப்யூட்டரிலும் பாதிதான் இருந்தது. 2016ல் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தோம். ஃபார்மட் போட்டு வேறு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வரைந்தது டி டிரைவில் இருக்கிறது. அதற்கு முன்னால் வரைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பாஸ் லினக்ஸும் அன்றோடு போய்விட்டது.

அதனால் முதல் வேலை, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை அப்படியே நகலெடுப்பது. டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள் இதைச் செய்யும். படிக்க வராத இடத்தைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயன்று பார்க்கும். எங்கள் டிஸ்க்குக்கு ஓர் இரவு முழுக்க ஓடியது. சில இடங்கள் கடைசிவரை படிக்க வரவில்லை. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

அந்த நகலில் காலி என்று காட்டிய இடங்களை ஃபோட்டோரெக் வைத்துத் தேடினேன். அது கோப்பின் பெயரைப் பார்க்காது, தலைப்பகுதியின் அடையாளத்தைப் பார்க்கும். பிஎம்பி படம் என்றால் முதல் இரண்டு பைட்டில் 'பி', 'எம்' என்ற எழுத்துகள், அடுத்த நான்கு பைட்டில் கோப்பின் அளவு. அதை வைத்து வெட்டி எடுத்துவிடும். நானூறு சொச்சம் படங்கள் வந்தன. பெரும்பாலும் விண்டோஸின் பட்டன், அம்புக்குறி மாதிரியான குப்பைகள். அதற்குள் அப்பா வரைந்தது 61.

பெயர் எதற்கும் இல்லை. வெறும் எண்கள். அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது குயில்கண். இது தாழம்பூ ரேக்கு, ஆனா பல்லு சின்னதா போட்டது. இது மல்லிமொக்கு. இது நான் போட்டதே இல்ல... இரு, நான்தான் போட்டேன், ஒரு கல்யாண ஆர்டருக்கு." தங்கையின் பழைய ரஃப் நோட்டில் எண்ணுக்கு நேராகப் பெயர் எழுதிக்கொண்டேன்.

4. அமுக்கிப் பார்த்தபோது

நகல் பத்திரமான பிறகுதான் ரெகவரி. அதையும் அசல் டிஸ்க்கில் செய்யவில்லை. நகலை வேறொரு பழைய 500 ஜிபி டிஸ்க்கில் எழுதி, அதை மெஷினில் மாட்டினேன். கடைக்காரர் ரெகவரி பார்ட்டிஷனைத் தொடாமல் விட்டிருந்தது நல்ல காலம். பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. பார்ட்டிஷன் அட்டவணையில் அந்தப் பகுதியை ஆக்டிவ் என்று மாற்றியதும் எழுந்துகொண்டது. நாற்பது நிமிடத்தில் 2012 வந்துவிட்டது.

எப்படிப்பட்ட 2012 என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கடிகாரம் தவறான வருடத்தைக் காட்டியது. மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தது. தேதி தவறாக இருந்தால் இணையத்தில் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. முப்பது ரூபாய் பேட்டரி. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

பேட்டரி மாற்றியும் தளங்கள் திறக்கவில்லை. உள்ளே இருப்பது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 அதில் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். சரி, விண்டோஸ் அப்டேட் போடலாம் என்றால், 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் பழைய எஸ்எச்ஏ-1 வாசலை மூடிவிட்டது. புதிய வாசலுக்குள் போக ஒரு அப்டேட் வேண்டும். அந்த அப்டேட்டை வேறு கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவே 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. குரோமின் 109ஆம் பதிப்புதான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு.

மெஷின் 2012க்குத் திரும்பிவிட்டது, உலகம் திரும்பவில்லை. தொழிற்சாலை நிலை என்பது மெஷினுக்குள் மட்டும் இருக்கும் ஒன்றல்ல. அன்றைக்கு அதோடு பேசிய சர்வர்கள், சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலை. அதில் பாதியைத்தான் பட்டன் திருப்பித் தருகிறது.

அடுத்தது ராம். 2014ல் தங்கை தன் ஸ்காலர்ஷிப் காசில் இன்னொரு 2 ஜிபி வாங்கிப் போட்டிருந்தாள். ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் தொடாது. அது கோளாறு இல்லை, அந்தப் பதிப்பின் விதி. அதில் 64 பிட் கிடையாது. டெஸ்க்டாப் படத்தை மாற்றவும் விடாது. கடையில் தனியாக விற்காத பதிப்பு. மலிவு மெஷினில் முன்கூட்டியே ஏற்றி மட்டும் கொடுத்தார்கள். ஆக 'வந்தப்ப இருந்த' நிலைக்குப் போனதில், என் தங்கை சொந்தக் காசில் செய்த ஒரே முன்னேற்றம் கண்காணாமல் போய்விட்டது. ராம் ஸ்லாட்டில் இருக்கிறது, பயன்பாட்டில் இல்லை.

கடைசியாக, பாஸ் லினக்ஸ் வரவே இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. 2014ல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது தமிழக அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்ததும் அதைத்தான். ஆனால் எங்கள் மெஷினின் ரெகவரிப் பகுதிக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும். மாணவி கையில் வாங்கிய மெஷினில் இரண்டு இருந்தன, பட்டன் திருப்பித் தந்ததில் ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் தங்கை கேட்ட 'வந்தப்ப இருந்த மாதிரி' என்ற நிலை அந்த டிஸ்க்கில் எங்குமே சேமிக்கப்படவில்லை. வேறொரு நாள் சேமிக்கப்பட்டிருந்தது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதி வீண் இல்லை. வைஃபை, கேமரா, தொடுபலகை எல்லாவற்றுக்குமான சரியான டிரைவர்கள் அதில்தான் இருக்கின்றன. உரிமமும் பயாஸில் பதிந்த அடையாளத்தைப் பார்த்து, இணையம் இல்லாமலே செல்லுபடியானது. ஆவணம் என்ற அளவில் அது தங்கம். தீர்வு என்று விற்றதில்தான் கோளாறு.

5. கைலாசநாதர் கோயிலில்

இந்த வேலைக்கு நடுவில் ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்திலிருந்து பத்து நிமிடம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. சுற்றுலா வருகிறவர்கள் மணற்கல்லின் நிறத்தைப் பார்த்து 'அசல் பல்லவர் வேலை' என்று படம் எடுப்பார்கள். ஆனால் பல்லவர் காலத்தில் அந்தக் கல் இப்படி வெறுமனே நிற்கவில்லை. மேலே மெல்லிய சுதை பூசி, வண்ணம் தீட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் சுதை உதிர்ந்த இடங்களில் மேலும் சுதை பூசி, மூக்கும் மீசையும் வைத்தார்கள். 1931ல் ழூவோ துப்ரேய் வந்து, சுற்றுச் சிற்றாலயங்களின் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பழைய ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கோயிலை 'தொழிற்சாலை நிலை'க்குக் கொண்டுபோ என்றால் எங்கே போவது? வெறும் கல்லுக்கா? அது கல்தச்சன் வேலை முடித்த நாள், கோயில் முடிந்த நாள் இல்லை. வண்ணச் சுதைக்கா? அதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாது. தெரியாததை வரைந்தால் அது நம் வேலை, பல்லவர் வேலை இல்லை. பிற்காலப் பூச்சை எல்லாம் சுரண்டினால், அதோடு ஓவியமும் போகலாம்.

இந்தச் சண்டை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. பிரான்சில் வியோலே-லெ-துக், ஒரு கட்டடத்தை எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்று நினைத்தவர். இங்கிலாந்தில் ரஸ்கின், மீட்டெடுப்பு என்பதே பொய் என்று 1849லேயே எழுதினார். 1964ல் வெனிஸ் சாசனம் நடுவில் ஒரு கோடு போட்டது: ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மீட்டெடுப்பு நிற்க வேண்டும்.

இந்தக் கோடு எனக்கு வீட்டிலேயே தேவைப்பட்டது. மீண்ட 61 டிசைனில் சில உடைந்திருந்தன. பார்டர்கள் சின்னக் கோப்புகள், முழுசாக வந்துவிட்டன. முந்தி டிசைன்கள் பெரியவை, டிஸ்க்கில் இரண்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்திருக்கும். பிஎம்பி படத்தைக் கீழ் வரிசையிலிருந்து மேலாக எழுதுவதால், அவற்றில் கீழ்ப்பாதி சரியாக இருந்தது, மேல்பாதி வெறும் இரைச்சல். ஒரு யாளிக்குக் கால்கள் இருந்தன, தலை இல்லை.

"ருத்ராட்சம் விடு, மேல பாதி கீழ்ப்பாதியோட கண்ணாடிதான், திருப்பிப் போட்டா சரியாப்போச்சு," என்றார் அப்பா. "யாளிக்கு நான் புதுசா தலை போடறேன். அன்னிக்கு எப்படி போட்டேன்னு ஞாபகம் இல்ல."

ருத்ராட்சத்தைத் திருப்பிப் போட்டோம். யாளிக்கு அவர் தலை வரைந்தார். அதைப் பழைய கோப்பின் மேல் சேமிக்கவில்லை. உடைந்ததை உடைந்தபடியே வைத்து, புதியதைத் தனிக் கோப்பாக, இந்த வருடத் தேதியோடு வைத்தேன். தான் வரைந்ததற்குத் தானே தலை வைப்பதற்கு இவ்வளவு சடங்கா என்று அவருக்குச் சிரிப்பு. வேணும்ப்பா என்றேன். எது மீண்டது, எது புதிதாகச் செய்தது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

6. மீட்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை

விற்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் போடுங்கள், உங்கள் தகவல் எல்லாம் போய்விடும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அந்தக் காலத்து மெஷின்களுக்கு இது பாதி உண்மைதான். 2016ல் ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து அப்பாவின் 61 டிசைன்களை எடுத்தேன் இல்லையா? அதே வழியில், நீங்கள் விற்ற மெஷினிலிருந்து உங்கள் ஆதார் நகலையும் குடும்பப் படத்தையும் யாரும் எடுக்கலாம். ரெகவரி செய்வது டிஸ்க்கின் ஒரு பகுதியில் புதிய விண்டோஸை எழுதுவது மட்டும்தான். மிச்ச இடத்தில் பழையது அப்படியே கிடக்கும், முகவரி மட்டும் இருக்காது.

அதாவது வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது தொலைந்துவிடுகிறது, தொலைக்க நினைப்பவருக்கு அது தொலைவதில்லை. எது தொலையும் எது தப்பும் என்பது புதிய கோப்பு எந்த இடத்தில் போய் விழுந்தது என்ற தற்செயல். பழைய சுழலும் டிஸ்க்கை விற்பதாக இருந்தால் முழு டிஸ்க்கின் மேலும் ஒருமுறை பூஜ்யம் எழுதுங்கள். அதுதான் அழிப்பு.

என் வாதம் இவ்வளவுதான். மீட்டெடுப்பு, அழிப்பு என்று இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டுக்கும் ஒரே பட்டனை வைத்து, ஒரே பெயரைச் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரில் 'தொழிற்சாலை' இருக்கிறது, அதை வைத்திருந்த ஆள் இல்லை. மெஷினின் பார்வையில், பெட்டி பிரித்த பிறகு அதில் நடந்ததெல்லாம் அழுக்கு.

7. மறுபடி கொடுக்கும்போது

2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. கொடுப்பது நல்ல விஷயம். எங்கள் வீட்டுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது, அதனால் இலவசம் பற்றிய கேலிக்கு நான் வரவில்லை. ஆனால் திட்டங்கள் கொடுக்கிற நாளோடு முடிந்துவிடுகின்றன. பத்தாவது வருடத்தையும் நினைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

கொடுத்த அன்றைய முழு நிலையை, இரண்டு இயங்குதளமும் சேர்த்து, மாடல்வாரியாக ஒரு பிரதி எடுத்துக் கல்லூரி ஆய்வகத்திலும் நூலகத்திலும் வைக்கலாம். ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் அடங்கும். முதல் வாரத்தில் ஒரு வகுப்பு எடுத்து, தன் கோப்புகளைத் தனியே நகலெடுப்பது எப்படி என்று ஒவ்வொரு மாணவரையும் செய்ய வைக்கலாம். அந்த எச்சரிக்கை வரியைத் தமிழில், வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் புரிகிற மாதிரி, ஒரு ஸ்டிக்கராக அடியில் ஒட்டலாம்: "இதை அமுக்கினால் நீங்கள் சேமித்த படம், பாட்டு, கணக்கு, டிசைன் எல்லாம் போய்விடும்." மூடிமேல் படம் ஒட்ட இடம் இருக்கும்போது அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்காதா?

ஏனென்றால் மடிக்கணினி மாணவரோடு நிற்பதில்லை. பிள்ளை படித்து முடித்ததும் அது அம்மாவின் சீட்டுக் கணக்குக்கும் அப்பாவின் கிராஃபுக்கும் போகிறது. அரசு பிளஸ் டூ மாணவிக்குக் கொடுத்தது. அதிகமாகப் பயன்படுத்தியது பிள்ளையார்பாளையத்தில் ஒரு கிராஃப்காரர். திட்டத்தின் எந்தக் கணக்கிலும் அவர் இருக்க மாட்டார்.

8. கடைசியில் கொடுத்தது

தங்கை போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூன்று பொருள் வைத்திருந்தேன்.

முதலாவது மெஷின். புதிய எஸ்எஸ்டி, புதிய பேட்டரி, அவள் வாங்கிப் போட்ட ராம் முழுசாகப் பயன்படும்படி 32 பிட் டெபியன் 12. மெமரி குறைவாக எடுக்கும் என்பதால் 32 பிட். அடுத்த பதிப்பான 13ல் அந்த வகை மெஷினுக்கு நிறுவி கிடையாது, ஆகவே இதுவும் நிரந்தரம் இல்லை. பாப்பா படம் வரையவும் தமிழ் தட்டச்சு பழகவும் போதும்.

இரண்டாவது, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அந்த முழு நகல். அவளுடைய விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் அதற்குள் ஒரு கோப்பாக இருக்கிறது. வேண்டும்போது மெய்நிகர் கணினியில் திறந்து பாப்பாவுக்குக் காட்டலாம், இணையத்தோடு சேர்க்காமல்.

மூன்றாவது, அப்பாவின் டிசைன் கோப்புகளும் பெயர் எழுதிய ரஃப் நோட்டும்.

அவள் மூன்றையும் உடனே பார்க்கவில்லை. மெஷினைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் காம்பஸ் முனையால் அவள் கீறியிருந்த பரீட்சை எண் அப்படியே இருந்தது.

"அப்பாடா. 'வந்த மாதிரி'ன்னு சொல்லிட்டேனே, இதையும் தேய்ச்சு எடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன்," என்றாள்.

அந்த எண் வந்த அன்று இல்லை. வந்து ஆறு மாதம் கழித்துக் கீறியது.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து பட்டனை அமுக்காதீர்கள். முதலில் டிஸ்க்கைக் கழற்றி நகலெடுங்கள். பிறகு வீட்டில் இருக்கிற எல்லோரிடமும், முக்கியமாகக் 'கம்ப்யூட்டர் தெரியாது' என்று சொல்கிறவர்களிடம், இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

யாளியின் பழைய தலை இன்னும் கிடைக்கவில்லை. படிக்க வராத அந்தச் சில இடங்களில் அது இருக்கலாம் என்று அசல் டிஸ்க்கைப் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை பரணில் இல்லை, பீரோவில்.